சந்திரனும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது: உயர்தர வகுப்பில் ஈர்ப்பும் சுற்றியக்கமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மலையகத்தில் தமிழ்மூல உயர்தர வகுப்புகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். புதிதாக நியமனம் பெற்று வரும் ஆசிரியர்கள், பாடத்துக்கு ஆசிரியர் இல்லாமல் தாமாகவே படிக்கும் பிள்ளைகள், சில வேளை அவர்களுடைய அம்மா அப்பா என்று பலர் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஈர்ப்புப் பாடத்தில் சமன்பாட்டைப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் மனனம் செய்துவிடுகிறார்கள். ஆனால் சுற்றுவது என்பதே விழுவதுதான் என்பதை நம்புவதற்கு அவர்களுக்கு நாளாகிறது. அந்த நம்பிக்கை வருவதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வட்ட இயக்கம் ஒரு அலகில், ஈர்ப்புப் புலம் வேறு அலகில் இருக்கிறது. எப்படி இணைப்பது?

பாடத்திட்டத்தில் வட்ட இயக்கம் பொறியியல் (விசையும் இயக்கமும்) அலகோடு முடிந்துவிடும். அலைகள், வெப்பம் எல்லாம் கடந்த பிறகுதான் ஈர்ப்புப் புலம் வரும். இடையில் பல மாதங்கள். அதற்குள் வட்ட இயக்கம் பிள்ளைகளின் மனதில் வெறும் கணக்காக மாறிப்போயிருக்கும்.

அதனால் ஈர்ப்பு அலகின் முதல் இரண்டு பாடவேளைகளில் நான் சமன்பாடு எழுதுவதில்லை. கரும்பலகையில் ஒரு மலையை வரைகிறேன். மலை உச்சியிலிருந்து ஒரு கல்லைக் கைவிட்டால் என்ன நடக்கும், கிடையாக எறிந்தால் என்ன நடக்கும், இன்னும் வேகமாக எறிந்தால் என்ன நடக்கும் என்று கேட்டுக்கொண்டே போகிறேன். சுயாதீன விழுகை, எறியம், சுற்றுப்பாதை மூன்றும் ஒரே கதை என்பது அந்த ஒரு படத்திலேயே தெரிந்துவிடும். "சிலபஸ் முடியாதே" என்று பயப்பட வேண்டாம். அந்த இரண்டு பாடவேளையும் பின்னால் கணக்குச் செய்யும்போது திரும்பி வந்துவிடும்.

பஸ் வளைவில் திரும்பும்போது நம்மை வெளியே தள்ளுவது மையநீக்க விசைதானே?

எங்கள் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. தினமும் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கிப் பாடசாலைக்கு வருகிறவர்கள். ஒரு மாணவி எழுந்து, "சேர், பஸ் என்னைய வெளிய தள்ளுறத நானே உணருறேன். நீங்க தள்ளலங்குறீங்க. எப்புடி?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. உடல் உணர்ந்ததை இல்லையென்று சொல்லி அடக்கினால் பாடம் அன்றோடு போய்விடும்.

நான் அவளிடம் பஸ்ஸை விட்டு இறங்கி, வளைவுக்கு மேலே உள்ள தேயிலை மலையில் நிற்கச் சொன்னேன். அதாவது, அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் அம்மாவின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கச் சொன்னேன். கீழே பஸ் வருகிறது. பஸ்ஸின் தரையில் ஒரு தோடம்பழம் கிடக்கிறது. பஸ் இடப்பக்கம் திரும்புகிறது. மேலே நிற்கும் அம்மாவின் கண்ணுக்குத் தோடம்பழம் எங்கே போகிறது? நேராகத்தான் போகிறது. பஸ்தான் அதன் கீழிருந்து விலகித் திரும்புகிறது. பஸ்ஸுக்குள் இருப்பவருக்கு மட்டும் பழம் வலப்பக்கம் ஓடியது போலத் தோன்றும். மாணவியும் அந்தத் தோடம்பழம் போலத்தான். அவள் நேராகப் போகப் பார்க்கிறாள். பஸ்ஸின் பக்கத் தகடு அவள் தோளில் முட்டி உள்ளே தள்ளுகிறது. அவள் உணர்ந்த விசை உண்மை. திசைதான் உள்நோக்கி.

அளவையும் போட்டுக் காட்டுங்கள். பஸ் மணிக்கு 18 கிலோமீற்றர், அதாவது செக்கனுக்கு 5 மீற்றர் கதியில் வருகிறது. வளைவின் ஆரை 12.5 மீற்றர். கதியின் வர்க்கத்தை ஆரையால் வகுத்தால் செக்கனுக்குச் செக்கன் 2 மீற்றர் என்ற ஆர்முடுகல் (வேகம் மாறும் வீதம்) வருகிறது. புவியீர்ப்பு ஆர்முடுகலில் ஐந்தில் ஒரு பங்கு. திணிவு 50 கிலோகிராம் உள்ள பிள்ளையை உள்ளே திருப்ப 100 நியூற்றன் விசை வேண்டும். 10 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கும் விசை அது. தோள் வலிப்பதில் அதிசயம் இல்லை.

பிறகு சந்திரனிடம் வாருங்கள். சந்திரனுக்குப் பக்கத் தகடும் இல்லை, ஆசனமும் இல்லை. அதை உள்ளே திருப்புவது புவியின் இழுப்பு ஒன்றுதான். அதைச் சமப்படுத்த வெளிநோக்கி இன்னொரு விசையை வரைந்தால் விளைவு விசை பூச்சியமாகி, சந்திரன் நேர்கோட்டில் போய்விட வேண்டும். பிள்ளைகளின் படத்தில் வெளிநோக்கிய அம்புக்குறியைக் கண்டால் நான் அழிப்பதில்லை. "இப்ப மொத்த விசை எவ்வளவு? அப்படியென்றால் எந்தப் பாதை?" என்று கேட்கிறேன். அவர்களே அழித்துவிடுகிறார்கள்.

மையநாட்ட விசை என்பது ஒரு தனி விசையா?

இல்லை. அது, பொருளை வட்டத்தின் மையத்தை நோக்கித் திருப்பும் வேலையின் பெயர். பஸ் வளைவில் அந்த வேலையைத் தயர்களின் உராய்வு செய்கிறது. கல் கட்டிச் சுழற்றினால் நூலின் இழுவை செய்கிறது. செய்மதிக்கு (செயற்கைக்கோளுக்கு) ஈர்ப்பு செய்கிறது. விசைப்படத்தில் "மையநாட்ட விசை" என்று ஒரு அம்புக்குறியைத் தனியாகச் சேர்த்தால் பிழை.

செய்மதி ஏன் கீழே விழவில்லை?

விழுகிறது. விழுந்துகொண்டே இருக்கிறது. தரையைத்தான் அது பிடிக்க முடியவில்லை.

இதற்கு நியூற்றன் சொன்ன மலைக் கதையைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மிக உயர்ந்த மலையின் உச்சியில் பீரங்கியை வைத்துக் கிடையாகச் சுடுவதாக அவர் கற்பனை செய்தார். மலை எங்களுக்குப் புதிதா? பிதுருதலாகலையை எடுத்துக்கொள்ளுங்கள், 2524 மீற்றர். சுற்றியுள்ள மலைகளையும் காற்றையும் மறந்துவிடுங்கள். உச்சியிலிருந்து கல்லைக் கைவிட்டால் கடல்மட்டத்துக்கு வர ஏறத்தாழ 23 செக்கன் ஆகும். செக்கனுக்கு 20 மீற்றர் கதியில் கிடையாக எறிந்தாலும் அதே 23 செக்கன்தான். அதற்குள் அரைக் கிலோமீற்றர் தள்ளிப் போய் விழும். செக்கனுக்கு 500 மீற்றர் என்றால் 11 கிலோமீற்றரைத் தாண்டி விழும். இதுவரை தரையைத் தட்டை என்று வைத்துக்கொண்டோம்.

இங்கே நிறுத்தி, புவி உருண்டை என்பதை நினைவுபடுத்துங்கள். புவியின் மேற்பரப்பு 8 கிலோமீற்றர் தூரத்துக்கு ஏறத்தாழ 5 மீற்றர் கீழே வளைகிறது. எந்தப் பொருளும் முதல் செக்கனில் ஏறத்தாழ 5 மீற்றர் விழுகிறது. இந்த இரண்டு ஐந்தையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நில்லுங்கள். வகுப்பில் ஒருவராவது சொல்லிவிடுவார்: "அப்போ செக்கனுக்கு 8 கிலோமீற்றர்ல எறிஞ்சா தரை கிட்ட வராது சேர்!"

அவ்வளவுதான். திருத்தமாகச் செக்கனுக்கு 7.9 கிலோமீற்றர். கல் 5 மீற்றர் விழும்போது தரையும் 5 மீற்றர் இறங்கிவிடுகிறது. அந்தக் கல் 84 நிமிடத்தில் உலகைச் சுற்றி, எறிந்தவரின் முதுகுப் பக்கம் வந்து சேரும். ஹற்றனில் ஏறியவர் கொழும்புக் கோட்டையில் ரயிலை விட்டு இறங்குவதற்குள் மூன்று சுற்று முடிந்திருக்கும். எரிபொருள், பின்னாலிருந்து தள்ளும் எஞ்சின் எதுவும் தேவையில்லை. ரொக்கெட்டின் வேலை அந்த உயரத்தையும் அந்தக் கதியையும் கொடுப்பதோடு முடிகிறது.

சந்திரன் விழுகிறது என்பதை வெறும் வாயால் சொல்லாமல் கணக்கில் காட்ட முடியுமா?

முடியும். முழுப் பாடத்திலும் எனக்கு மிகப் பிடித்த கணக்கு இதுதான். கணிப்பானும் ஒரு தாளும் போதும்.

சந்திரன் சராசரியாக 384,400 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. ஒரு சுற்றுக்கு 27.32 நாள். பரிதியைக் காலத்தால் வகுத்தால் கதி செக்கனுக்கு 1.02 கிலோமீற்றர். கதியின் வர்க்கத்தை ஆரையால் வகுத்தால் ஆர்முடுகல் 0.00272 என்று வரும். இந்த விடையைக் கரும்பலகையின் இடது ஓரத்தில் எழுதி வட்டம் போடுங்கள். இதுவரை ஈர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை; வானத்தில் கண்டதை மட்டும் கணக்கிட்டோம்.

இப்போது வலது ஓரம். சந்திரனின் தூரம் புவியின் ஆரையைப் போல 60 மடங்கு. தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாக ஈர்ப்பு குறையும் என்பது உண்மையானால், அங்கே ஆர்முடுகல் 60 இன் வர்க்கமான 3600 மடங்கு குறைந்திருக்க வேண்டும். 9.81 ஐ 3600 ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 0.00272.

ஒரு வருடம் பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன் நம்பாமல் மூன்று தடவை கணிப்பானைத் தட்டினான். பிறகு தலையை நிமிர்த்தி, "அப்ப மாங்கா விழுறதும் இதுதானா சேர்?" என்று கேட்டான். அதுதான். மரத்திலிருந்து விழும் காய்க்கும் வானத்துச் சந்திரனுக்கும் விதி ஒன்று என்பதை அந்தப் பிள்ளை தன் கையால் கண்டுகொண்டான். கொள்ளைநோயால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்பட்டிருந்த 1665, 1666 காலத்தில் இந்த ஒப்பீட்டைச் செய்ததாக நியூற்றனே முதிய வயதில் எழுதியிருக்கிறார். உலகுக்கு அது முழுமையாக வெளிவந்தது 1687 இல்.

கையில் பிடித்துப் பார்க்கும் அளவு வேண்டுமென்றால்: சந்திரன் தன் நேர்கோட்டிலிருந்து ஒரு செக்கனில் 1.4 மில்லிமீற்றர் அளவு புவியை நோக்கி விழுகிறது. இளம் கொழுந்தின் காம்புத் தடிப்புத்தான் அது. ஒரு நிமிடத்தில், இங்கே கல் ஒரு செக்கனில் விழும் அதே 4.9 மீற்றர்.

விண்வெளியில் ஈர்ப்பு இல்லை, அதனால்தான் மிதக்கிறார்கள் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். எப்படித் திருத்துவது?

சர்வதேச விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹற்றனிலிருந்து யாழ்ப்பாணம் போய்வரும் தூரத்தைவிடக் குறைவு. 6371 ஐ 6771 ஆல் வகுத்து வர்க்கித்துப் பாருங்கள்: அங்கே ஈர்ப்பு, தரையில் உள்ளதில் 89 சதவீதம். மிகவும் குறையவில்லை. நிலையமும் உள்ளே இருப்பவர்களும் ஒன்றாக ஒரே ஆர்முடுகலில் விழுவதால், யாரும் யாரையும் தாங்க வேண்டியதில்லை. தாங்கும் மறுதாக்கம் இல்லாதபோது நிறையை உணர வழியில்லை.

வகுப்பறையில் காட்ட, பிளாஸ்டிக் போத்தலின் அடிப்பக்கத்தில் ஒரு துளை போட்டு, தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்து வையுங்கள். தண்ணீர் பீச்சும். மேல்மாடியிலிருந்து போத்தலைக் கைவிடுங்கள். விழும் நேரம் முழுவதும் பீச்சுவது நின்றுவிடும். அந்த ஒரு செக்கனுக்கு அந்தப் போத்தல் ஒரு விண்வெளி நிலையம். தொலைபேசியில் மெதுவான காணொளியாகப் பிடித்தால் வகுப்பே கூடிப் பார்க்கும்.

எங்கள் பாடசாலையில் ஆய்வுகூட வசதி குறைவு. என்ன பரிசோதனை செய்யலாம்?

ஒரு வாளியும் ஒரு பேனையும் போதும் என்பேன்.

வாளியில் கால்வாசி தண்ணீர் விட்டுச் செங்குத்து வட்டத்தில் சுழற்றுங்கள். உச்சியில் தண்ணீர் கொட்டாது. "மையநீக்க விசை பிடித்து வைத்திருக்கிறது" என்று உடனே பதில் வரும். அங்கேதான் பாடம் தொடங்குகிறது. சுழற்றும் கதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கொட்டுவதற்குச் சற்று முந்திய கதியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அந்தக் கதியில் வாளி உச்சியில் தண்ணீரைத் தொடுகிறது, ஆனால் தள்ளவில்லை. தண்ணீர் வெறுமனே விழுகிறது; வாளியும் அதே வளைவில் அதனோடு கூடவே வருகிறது. தோளிலிருந்து தண்ணீர் வரை ஒரு மீற்றர் என்றால், உச்சியில் இருக்க வேண்டிய கதி, ஒரு சுற்றை 2 செக்கனில் முடிக்கும் கதி. ஆரையைப் புவியீர்ப்பு ஆர்முடுகலால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டு பையால் (2π) பெருக்கினால் இந்த 2 செக்கன் கிடைக்கும்.

இப்போது அதே சமன்பாட்டில் ஒரு மீற்றருக்குப் பதில் புவியின் ஆரையைப் போடுங்கள். 84 நிமிடம் வரும். மலை உச்சியிலிருந்து எறிந்த கல்லின் அதே 84 நிமிடம். வாளித் தண்ணீருக்கும் செய்மதிக்கும் ஒரே சமன்பாடு என்பதைக் கண்டதும் பிள்ளைகள் முகத்தில் வரும் மாற்றத்துக்காகவே நான் ஒவ்வொரு வருடமும் நனைகிறேன்.

அளவெடுக்கும் பரிசோதனைக்கு, மை தீர்ந்த பேனையின் கூட்டை எடுத்து, அதன் ஊடாக நைலோன் நூலைக் கோத்து, மேல் நுனியில் இறப்பர் அடைப்பானையும் கீழ் நுனியில் வொஷர்களையும் கட்டுங்கள். கண்ணாடிக் குழாய் வேண்டாம், கையில் உடையும். அடைப்பான் 20 கிராம், சுழலும் நூல் 80 சென்ரிமீற்றர் என்றால், 50 கிராம் வொஷருக்கு 20 சுற்று ஏறத்தாழ 23 செக்கன் எடுக்கும். வொஷரை 200 கிராமாக நான்கு மடங்காக்கினால் காலம் பாதியாகும். நூல் கிடையாக நிற்காமல் சற்றுத் தாழ்ந்து சுழலும். அதைக் கண்டு ஆசிரியர்கள் கலங்குவார்கள். ஆரைக்குப் பதில் சுழலும் நூலின் முழு நீளத்தைப் போட்டால் கணக்குச் சரியாகவே வரும், சாய்வின் கோசைன் இரு பக்கமும் வெட்டுப்பட்டுப் போகும்.

சுழலும்போது நூலை விட்டால் அடைப்பான் எந்தத் திசையில் போகும் என்று முன்கூட்டியே தாளில் வரையச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் ஆரை வழியே வெளியே வரைவார்கள். அது தொடலி வழியே, அதாவது விட்ட கணத்தில் போய்க்கொண்டிருந்த திசையில் நேராகப் போகும். இதை மைதானத்தில் மட்டும் செய்யுங்கள்; யன்னல் கண்ணாடிகள் பாவம்.

துணியை இழுத்துக் கட்டி, நடுவில் குண்டு வைத்து, மாபிள் உருட்டிக் காட்டலாமா?

காட்டலாம், ஆனால் நான் அதை முதலில் காட்டுவதில்லை. மாபிள் பள்ளத்தில் இறங்குவதே புவியீர்ப்பால்தான்; ஈர்ப்பை விளக்க ஈர்ப்பையே கடன் வாங்குகிறோம். உராய்வால் மாபிள் சுருண்டு நடுவில் விழும்போது, கோள்களும் அப்படித்தான் கடைசியில் சூரியனுக்குள் விழும் என்ற எண்ணம் பிள்ளைகளிடம் ஒட்டிக்கொள்கிறது.

மலையில் ஈர்ப்பு குறைவு என்றால், இங்கே நிறுக்கும் கொழுந்தின் நிறையும் குறையுமா?

தோட்டத்துப் பிள்ளை ஒருவன் கேட்ட கேள்வி. அம்மா பறித்த கொழுந்தோடு தொடர்புள்ள கேள்வி என்பதால் முழுப் பாடவேளையையும் அதற்கே கொடுத்தேன்.

நுவரெலியா ஏறத்தாழ 1868 மீற்றர் உயரம். உயரத்தைப் புவியின் ஆரையால் வகுத்து இரண்டால் பெருக்கினால் 0.0006 அளவு வரும்; ஈர்ப்பு குறையும் பங்கு அதுதான். 20 கிலோ கொழுந்துக்கு 12 கிராம். இரண்டு விரலில் அள்ளும் கொழுந்து. கீழே உள்ள மலையின் திணிவும் தன் பங்குக்கு இழுப்பதால் உண்மையான குறைவு இதைவிடவும் சிறியது. அதுவும் வில்தராசில் மட்டுமே தெரியும். படிக்கல் வைக்கும் தராசில் இரு தட்டுக்கும் ஒரே ஈர்ப்பு, வித்தியாசமே வராது. ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கழிக்கப்படும் கிலோக்களுக்கும் ஈர்ப்புக்கும் சம்பந்தம் இல்லை என்பதை அந்தப் பிள்ளை கணக்கோடு தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போனான்.

மலையே இழுக்கும் என்று சொன்னேன் அல்லவா? 1774 இல் ஸ்கொட்லாந்தில் ஷிகாலியன் என்ற மலையின் இரு பக்கமும் வானியலாளர் நெவில் மாஸ்கலின் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, அது மலைப்பக்கம் சாய்வதை நட்சத்திரங்களைக் கொண்டு அளந்தார். இரு பக்கச் சாய்வும் சேர்ந்து 11.6 விகலை. ஒரு பாகையின் 3600 இல் ஒரு பங்குதான் ஒரு விகலை. அந்தச் சிறு சாய்விலிருந்து கணிதவியலாளர் சார்ள்ஸ் ஹட்டன் புவியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப் போல நாலரை மடங்கு என்று கணித்தார். இன்றைய மதிப்பு ஐந்தரை. மலையின் திணிவைக் கணக்கிட அவர் ஒரே உயரத்தில் உள்ள புள்ளிகளைக் கோட்டால் இணைத்தார். புவியியல் பாடத்தில் பிள்ளைகள் வரையும் சமவுயரக் கோடுகளேதான் அவை. மலையில் வாழும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பரிசோதனை வரலாற்றில் வேறு இருக்கிறதா?

இன்னொன்றும் சொல்லுங்கள். இலங்கைக்குத் தெற்கே உள்ள இந்துசமுத்திரப் பகுதியில்தான் உலகிலேயே ஈர்ப்பு மட்டம் மிகத் தாழ்ந்த இடம் இருக்கிறது. அங்கே சராசரிக் கடல்மட்டம், ஒழுங்கான நீள்வளையப் புவிவடிவத்தைவிட ஏறத்தாழ 106 மீற்றர் பள்ளத்தில் இருக்கிறது. கப்பலில் போகிறவருக்கு அந்தப் பள்ளம் தெரியாது, ஏனென்றால் நீர்மட்டம் எப்போதும் ஈர்ப்புக்குச் செங்குத்தாகவே நிற்கும்.

இந்தியக் காணொளிகளைப் பார்த்துப் படித்தால் சொற்கள் குழம்புகின்றனவே?

மிக முக்கியமான கேள்வி. இந்தக் குழப்பத்தால் புள்ளி இழந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

தமிழ்நாட்டுப் பாடநூலில் "நிறை" என்றால் நாங்கள் சொல்லும் திணிவு. எங்கள் பாடநூலில் "நிறை" என்றால் அவர்கள் சொல்லும் எடை. ஒரே சொல், இரண்டு கணியம்! "சந்திரனில் நிறை மாறாது" என்ற வாக்கியம் சென்னையில் சரி, ஹற்றனில் பிழை. அதேபோல எங்கள் கதி அவர்களுக்கு வேகம். எங்கள் வேகம் அவர்களுக்குத் திசைவேகம். ஆர்முடுகலை முடுக்கம் என்பார்கள், செய்மதியைச் செயற்கைக்கோள் என்பார்கள். "அழுத்தம்" என்று அவர்கள் சொல்வது எங்கள் அமுக்கம். எங்களுக்கோ அழுத்தம் என்றால் ஈர்ப்பு அழுத்தம், மின்னழுத்தம். காணொளி பார்ப்பதைத் தடுக்காதீர்கள். அப்பியாசக் கொப்பியின் முதல் பக்கத்தில் இந்தச் சோடிகளை எழுதி வைக்கச் சொல்லுங்கள், போதும்.

லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு) கூரையில் உள்ள தொலைக்காட்சி டிஷ் எப்போதும் ஒரே இடத்தையே பார்க்கிறது. அந்தச் செய்மதி நகரவில்லையா?

நகர்கிறது, புவி சுழலும் அதே கோண வேகத்தில். மத்தியகோட்டுக்கு நேர்மேலே, 35,786 கிலோமீற்றர் உயரத்தில், 23 மணி 56 நிமிடத்தில் ஒரு சுற்று. அதனால் கூரையிலிருந்து பார்த்தால் அசையாமல் நிற்பது போலிருக்கும். இந்த உயரத்தை மனனம் செய்ய வேண்டியதில்லை. காலத்தைத் தெரிந்தால் சமன்பாட்டிலிருந்து பிள்ளைகளே எடுத்துவிடலாம். எடுத்த விடை புவி மையத்திலிருந்து 42,164 கிலோமீற்றர் என்று வரும். புவியின் ஆரையைக் கழிக்க மறப்பதுதான் வழக்கமான தவறு.

டிஷ்ஷைப் பார்த்தே ஒரு பாடம் நடத்தலாம். ஐரோப்பாவில் டிஷ்கள் அடிவானத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். நாங்கள் மத்தியகோட்டிலிருந்து 7 பாகை வடக்கே மட்டும் இருப்பதால் எங்கள் டிஷ்கள் வானத்தை அண்ணாந்து பார்க்கின்றன. பள்ளத்தாக்கில் மலை மறைக்கும் லயத்திலும் படம் தெளிவாக வருவது அதனால்தான். பிதுருதலாகலைக் கோபுரத்திலிருந்து வரும் ஒளிபரப்பை அன்ரனாவில் பிடிக்க வேண்டுமென்றால் நடுவில் மலை இருக்கக்கூடாது.

இப்படி மூன்று செய்மதிகளை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945 இல் எழுதியவர் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க். பிற்காலத்தில் அவர் இலங்கைக்கு வந்து குடியேறி, 2008 இல் கொழும்பில் காலமானார்.

உயரம் கூடினால் செய்மதியின் கதியும் கூடுமா?

குறையும். தரைக்கு அருகே 7.9, விண்வெளி நிலையத்தில் 7.7, டிஷ் செய்மதியில் 3.1, சந்திரனில் 1.0, எல்லாம் செக்கனுக்குக் கிலோமீற்றரில். இதன் மறுபக்கம் இன்னும் வியப்பானது: மேல் வளிமண்டலத்தின் உரசலால் சக்தியை இழந்து கீழிறங்கும் செய்மதி வேகம் குறைவதில்லை, கூடுகிறது. இழந்த அழுத்தசக்தியில் (உயரத்தால் இருந்த சக்தியில்) பாதி வெப்பமாகிறது, பாதி இயக்கசக்தியாகிறது. இலங்கையின் ராவணா-1 செய்மதி ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கனசதுரம். 2019 ஜூனில் விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது. அதுவும் இப்படித்தான் சுற்றுக்குச் சுற்று தாழ்ந்து, வேகம் கூடி, கடைசியில் எரிந்துபோனது.

பரீட்சையில் எங்கே தவறு விடுகிறார்கள்?

உயரத்தையும் ஆரையையும் மாற்றிப் போடுவது. ஈர்ப்பு அழுத்தத்தின் மறைக் குறியை விடுவது. செய்மதியின் திணிவு சமன்பாட்டில் வெட்டுப்பட்டுப் போவதைக் கவனிக்காமல் "திணிவு தரப்படவில்லை" என்று கணக்கையே விடுவது. கடைசித் தவறு செய்யும் பிள்ளைக்கு மலை உச்சிக் கல்லை மறுபடி நினைவூட்டுங்கள்: சிறிய கல்லும் பெரிய கல்லும் முதல் செக்கனில் ஒரே 5 மீற்றர்தான் விழுகின்றன.

வானத்தைப் பார்த்தே படிப்பிக்க முடியுமா? எங்கள் பக்கம் எப்போதும் பனியும் முகிலும்தானே?

எப்போதும் இல்லை. ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை இரவு தெளிந்திருக்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. அந்தந்தப் பக்கத் தேயிலைக்குச் சுவை ஏறும் மாதங்களும் அவையே. அதனால் எங்கள் பிள்ளைகளின் வீட்டில் எல்லோருக்கும் அந்த மாதங்கள் தெரியும்.

வியாழன் தெரியும் காலமாக இருந்தால் சாதாரண பைனாகுலர் போதும். கை நடுங்கினால் ஒன்றும் தெரியாது. கவட்டை மிலாறு ஒன்றை நட்டு அதில் தாங்கிப் பிடிக்கலாம். வியாழனுக்குப் பக்கத்தில் ஒரே கோட்டில் மூன்று, நான்கு புள்ளிகள் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ கண்ட அதே துணைக்கோள்கள். ஒரு வாரம், இரவு தோறும், ஒரே நேரத்தில் வரைந்துவரச் சொல்லுங்கள். புள்ளிகள் இடம் மாறும்.

வரைந்த பிறகு இந்த எண்களைக் கொடுங்கள். அயோ 1.77 நாள், 422 ஆயிரம் கிலோமீற்றர். யுரோப்பா 3.55 நாள், 671 ஆயிரம். கனிமீட் 7.15 நாள், 1070 ஆயிரம். கலிஸ்ரோ 16.69 நாள், 1883 ஆயிரம். காலத்தின் வர்க்கத்தைத் தூரத்தின் கனத்தால் வகுக்க நான்கிலும் ஒரே விடை. கெப்ளர் 1619 இல் கோள்களுக்குச் சொன்ன விதி இங்கேயும் நிற்கிறது. அந்த விடையிலிருந்து வியாழனின் திணிவையே கணக்கிடலாம். வியாழனை யாரும் தராசில் வைக்கவில்லை. அதைச் சுற்றி விழுகிறவற்றைப் பார்த்தே நிறுத்துவிட்டோம்.

சந்திரன் விழுந்துகொண்டே இருந்தால், என்றைக்காவது எங்கள் மேல் வந்து விழுந்துவிடுமா?

ஒரு மாணவியின் தங்கச்சி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை, அக்காவிடம் கேட்டு அனுப்பிய கேள்வி. விழாது. பக்கவாட்டில் போகும் கதி இருக்கும்வரை ஒவ்வொரு செக்கனும் அந்தக் காம்பளவு விழுவதும் தப்புவதும் நடந்துகொண்டே இருக்கும். உண்மையில் அது விலகிப் போகிறது. கடலின் வற்றுப்பெருக்கால் புவியின் சுழற்சி மெல்லக் குறைய, சந்திரனின் பாதை மெல்ல அகலுகிறது. 1969 இல் அப்பலோ 11 வீரர்கள் சந்திரத் தரையில் வைத்துவிட்டு வந்த தெறிப்பியில் லேசர் ஒளியை அடித்து, அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கிறார்கள். வருடத்துக்கு 3.8 சென்ரிமீற்றர். தங்கச்சியின் சுண்டுவிரல் நீளம் என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் அவள் அளந்து பார்த்து, "என் விரல் இன்னும் கொஞ்சம் பெரிசு" என்று பதில் அனுப்பியிருந்தாள்.